அவள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர்

கேளம்பாக்கம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். போன வருடம் ஒரு நிறுவனம் எங்கள் வகுப்புக்கு டேப்லெட்டுகள் கொடுத்தது. அவற்றுக்குள் செயற்கை நுண்ணறிவு ஆசிரியர் இருக்கிறாராம். நீடித்த வளர்ச்சி என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாராம். அதுவரை நாங்கள் என்ன கிழித்துக்கொண்டிருந்தோமோ!

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் ஊர்த் தண்ணீரைப் பற்றி டேப்லெட்டில் ஒரு கட்டுரை எழுதினாள். வயல் கிணறுகளிலிருந்து நாள் முழுக்க லாரி லாரியாகத் தண்ணீர் எடுத்து அடுக்குமாடிகளுக்கு விற்கிறார்கள். அவள் தெருக் கைபம்பில் காற்றுதான் வருகிறது. இதற்கு என்ன செய்வது என்பதுதான் அவள் கேள்வி. டேப்லெட் நொடியில் பதில் சொன்னது: பல் துலக்கும்போது குழாயை மூடு, ஷவரில் குளிக்கும் நேரத்தைக் குறை.

"எங்க வூட்ல கொயாவே இல்லியே டீச்சர், இன்னாத்த மூடறது?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷினைத் திட்டி என்ன பயன்? அதற்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் வீட்டில் குழாய் இருக்கிறது, அவ்வளவுதான். 'குறை கூறும் தொனி' என்று அவளுக்கு மதிப்பெண்ணையும் குறைத்து, கட்டுரையைத் தானே திருத்திக் கொடுத்திருந்தது. திருத்தியதில் லாரியைக் காணோம். மாடித்தோட்டம் இருந்தது. ஓட்டு வீட்டில் ஏது மாடி?

அந்த நிறுவனம் நடத்தும் மாணவர் கண்காட்சிக்குத் திருத்தியதைத்தான் அனுப்ப வேண்டும் என்றார் தலைமையாசிரியை.

"அவ எழுதுனதுதான் போவணும் மேடம். இல்லன்னா நான் வரல" என்றேன்.

"என்னமோ பண்ணுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கண்காட்சி படூரில், ஒரு கல்லூரி அரங்கத்தில். அவள் தான் எழுதியதைப் படித்தாள். ஒரு வரி விடவில்லை. கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டேப்லெட் கொடுத்த நிறுவனத்தின் அதிகாரி எழுந்து அவளிடமிருந்து மைக்கை வாங்கினார். "பாருங்க, ஒரு கிராமத்துப் பொண்ணை எங்க ஏஐ எப்படி எழுத வெச்சிருக்கு!"

முன்பைவிடப் பலத்த கைதட்டல். அவள் ஏதோ சொன்னாள். மைக் இல்லாததால் யாருக்கும் கேட்கவில்லை. என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. விறுவிறுவென்று மேடையேறி, அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தேன்.

"ஒங்க மெஷினு லாரிய எடுத்துடுச்சி சார்" என்றாள். "நான்தான் திருப்பி வெச்சேன்."

இந்த முறை ஒருவரும் கைதட்டவில்லை.