நாமா, நாங்களா?

என் ஆராய்ச்சி வழிகாட்டி தெலுங்கர், அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர். இங்கிலீஷ் வாசகனைப் பற்றி அவருக்கு ஒரே அபிப்பிராயம்தான்: கையைப் பிடித்துக் கூட்டிப் போகாவிட்டால் அவன் தொலைந்துபோய்விடுவான். நான் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும், எங்கே போகிறாய் என்று வாசகனுக்குச் சொல் என எழுதித் திருப்பித் தருவார்.

நான் அப்போது மாரெட்பள்ளியில் பள்ளிக்கூட டீச்சர். அதே ஊரின் மறுகோடியில், மாதாப்பூர்ப் பக்கம் புதிதாக முளைத்த ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர் வேலை காலியாக இருந்தது. தன் பெயரில் மட்டும் எழுதிய கட்டுரை ஒன்றாவது அச்சில் வந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொண்டேன். முதலில் நாம் இதைப் பார்ப்போம், இதுவரை நாம் பார்த்தது இது, அடுத்து நாம் பார்க்கப்போவது அது. எதையும் பார்க்காமலேயே பாதிக் கட்டுரை முடிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், என் கட்டுரையின் பொருளே அதுதான்: தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆய்வாளர்கள் வாசகனை எப்படி அழைத்துப் போகிறார்கள் என்பது. ஆங்கிலக் கட்டுரையைச் சாரிடம் கொடுத்துவிட்டு, அதே ஜோரில் தமிழிலும் எழுதி மதுரையில் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். அதன் ஆசிரியர் போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, பந்தியில உக்கார வச்சிட்டு, இப்ப உப்பு வைப்போம், அடுத்து ஊறுகா வைப்போம்னு சொல்லிக்கிட்டே இருந்தா எப்படி? சோத்தைப் போடும்மா."

சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. அவருடைய இதழில் வரும் கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். மொழியின் தொன்மையைப் பாடிவிட்டு, விஷயம் என்ன என்பதை வாசகன் தலையில் கட்டிவிடுவார்கள். புரியவில்லை என்றால் அவன் படித்த லட்சணம் அவ்வளவுதான்.

இதற்குள் ஆங்கிலக் கட்டுரை அச்சில் வந்துவிட்டது. முதலில் சாரின் பெயர், கீழே என் பெயர். உள்ளே நான் எழுதிய 'வீ' (we) எல்லாம் அப்படியே இருந்தது. நானும் வாசகனும் சேர்ந்த 'நாம்' என்று நினைத்து எழுதியது. மேலே இரண்டு பெயர் ஏறியதும் அது 'நாங்கள்' ஆகிவிட்டது. ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

தமிழைப் போலத் தெலுங்கிலும் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. நாம் என்றால் மனம், நாங்கள் என்றால் மேமு. அவருக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. நேரே போய் அவர் மொழியிலேயே கேட்டேன், இந்த 'வீ' மனமா, மேமா என்று.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்கிலீஷ்லோ ரெண்டூ ஒகடே கதம்மா" என்றார். இங்கிலீஷில் இரண்டும் ஒன்றுதானாம்.

இரண்டு பெயர் போட்ட கட்டுரை அந்த வேலைக்கு உதவாது. வீட்டுக்கு வந்து தமிழ்க் கட்டுரையை எடுத்தேன். பார்ப்போம், காண்போம் எல்லாவற்றையும் வெட்டினேன். மிஞ்சிய ஒவ்வொரு 'நாம்' மீதும் கோடு போட்டு 'நான்' என்று எழுதி மதுரைக்கு அனுப்பினேன்.

ஆசிரியர் மறுபடியும் கூப்பிட்டார். கட்டுரை இப்போது நன்றாக இருக்கிறது, போட்டுவிடலாம் என்றார். ஆனால் குரலை இழுத்தார்.

"நான், நான்னு வரிக்கு வரி வருதேம்மா. ஆய்வாளர் கருதுகிறார்னு போட்டா அடக்கமா இருக்கும். இது கொஞ்சம் அகம்பாவமாத் தெரியாது?"

"தெரியட்டும் சார்" என்றேன்.