ஒரு கசிவும் இரண்டு கழிவுகளும்

கண்ணில் படாத கிணறு, கைக்கு எட்டாத ஆழம். அதிலிருந்து எண்ணெய் எவ்வளவு கசிகிறது என்று தினமும் ஓர் எண் சொல்ல வேண்டும், அதுதான் என் தொழில். "சும்மா ஒரு உத்தேசமாச் சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டு, நீங்கள் பேந்தப் பேந்த விழித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான்.

மாடியறையும் ஆழ்கடலும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீடுகள் பக்கம் சிக்னல் கிடையாது. அதனால் பதுளை பஜாரில் ஒரு புடவைக்கடை மாடியில் அறை எடுத்தேன். எங்கோ தூரதேசத்துக் கடலடியில் ஓர் எண்ணெய்க் கிணற்றின் குழாய் உடைந்திருந்தது. கமராவோடு இறங்கிய ரோபோ படம் எடுத்து அனுப்பும். புகை மாதிரி வரும் எண்ணெயில் ஒரு சுருளைப் பிடித்து, அது குழாயின் அகலத்தளவு தூரம் போக எவ்வளவு நேரமாகிறது என்று நான் பார்ப்பேன். வேகம் தெரிந்தால் அளவு தெரியும்; அதைக் கணினித் தாளில் போடுவேன். அளவு தெரிந்தால்தான் எண்ணெயை அள்ள எத்தனை கப்பல் அனுப்புவதென்று முடிவாகும். அந்தக் கரை நெடுக மீன்பிடிக் குடும்பங்கள். எண் குறைந்தால் கப்பல் குறையும்; எண்ணெய் அவர்கள் வாசலுக்கே வந்துவிடும்.

இதையெல்லாம் கடை முதலாளிக்கு விளக்கிச் சொன்னேன். அவர் ஒரு சேலையை முழுதாக மடித்து வைத்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, இங்கேருந்து கடல பாக்கவே பஸ்ஸுல அரை நாள் ஆகும். அவங்களுக்கு வேற ஆளே கெடைக்கலியா?"

பெட்டி இல்லாத தாள்

இந்தக் கிணற்றோடு முதல் வாரம் தலை சுற்றியது. காலையில் ஒரு சுருளை அளந்தால் ஓர் எண், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அதே சுருளை அளந்தால் வேறு எண். நான் பிடித்தது முன்பு பிடித்த சுருள்தானா என்பதிலேயே சந்தேகம். நடுவில் ஒரு மீன் வந்து கமராவை உற்றுப் பார்த்துவிட்டுப் போனது. அதற்கும் என் முகபாவம்தான் இருந்தது.

என் மேலதிகாரி சிவநேசன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர், குளிர்தேசமொன்றில் குடியேறியவர். "சேர், எனக்கு நெஜமாவே தெரியலைன்னு எழுதிரவா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "தெரியாது எண்டு எழுதிறதுக்கு அந்தத் தாளில பெட்டி இல்லைப் பிள்ளை."

பாராட்டு

ஒரே படத்தை மூன்று பேர் தனித்தனியாக அளப்போம். அந்த வாரக் கூட்டத்தில் மற்ற இருவரும் நாளைக்கு இரண்டாயிரம் பீப்பாய், கொஞ்சம் முன்னே பின்னே என்றார்கள். நான் எண்ணூறு என்றேன். திரையில் இருவரும் தங்கள் கணக்கை மறுபடி புரட்டினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். மூன்றாம் மாத முடிவில்தான் நிரந்தரமா, மூட்டை கட்டுவதா என்று சொல்வார்கள்.

கப்பல் செலவு தலையில் விழும் கிணற்றுக்காரர்கள் தரப்பில் வந்திருந்தவர் மட்டும் பளிச்சென்று சிரித்தார். என் எண்ணை வைத்தே கப்பல்களை முடிவு செய்யலாம் என்றார். நான் வெட்கமில்லாமல் பூரித்துப் போனேன். சிவநேசன் சேர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு நாளில் முடிவு சொல்வதாகக் கூட்டம் கலைந்தது. கிணற்றுக்காரர் போகும்போது ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "இவ்வளவு கவனமாக அளக்கிறவரை நான் பார்த்ததே இல்லை!"

அக்காவின் தொலைபேசி

மறுநாள் சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். சிக்னலுக்காக ரோட்டு வளைவு வரைக்கும் ஏறி வந்து பேசினாள், அதனால் மூச்சும் கோபமும் சேர்ந்தே வந்தன. அன்று காலை மழை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஈரத்துக்கென்று ரெண்டு கிலோ, சாக்குக்கென்று ஒரு கிலோ கழித்துத்தான் எழுதினார்களாம். லொறி ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்குப் போனதும், ஈரம் என்று சொல்லி அங்கேயும் கழித்துவிட்டார்களாம். அரைப் பேர்தான் விழுந்தது, அதாவது நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு அரை நாள்.

நான் உம் கொட்டிக்கொண்டே என் தாளைத் திறந்து வைத்திருந்தேன். உடைந்த குழாயில் எண்ணெய் மட்டுமா வருகிறது? பாதிக்கு மேல் வாயு. அதைக் கழித்தால்தான் எண்ணெயின் அளவு வரும். நானும் ஒழுங்காகக் கழித்துத்தான் தாளில் போட்டிருந்தேன். கழிக்காத நிறை என்று ஒன்றை எங்கள் தோட்டத்தில் நான் கண்டதே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு அம்மாவோடு மடுவத்து வரிசையில் நின்ற நாளிலிருந்தே, எதையும் கழித்துக் கொடுப்பதுதான் மரியாதை என்று எனக்குள் ஊறிவிட்டது. அக்கா அந்தப் பக்கம் கத்தினாள்: "ஒரே தண்ணிய எத்தன தடவடி கழிப்பானுங்க?"

மறு நிறுவை

தாளின் கடைசிக் கட்டத்தை அழுத்திப் பார்த்தேன். வாயுவுக்கான கழிவு அதிலேயே இருந்தது. எண்ணைப் போட்டதும் தாள் தானாகக் கழிக்கும். நான் கழித்துக் கொடுத்ததை அது மறுபடியும் கழித்திருக்கிறது. என் கழிவை எடுத்துவிட்டுப் போட்டேன். இரண்டாயிரம்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது, மறைப்பானேன்? பாராட்டு வாங்கிய எண் அது. சொன்னால் வேலை போகும். அக்காவிடம் என்னவென்று சொல்வது? ஆனால் அவள் குரல் காதைவிட்டுப் போகவில்லை. அந்தக் கரைக்காரர்களுக்கு இப்படிக் கத்த என் தொலைபேசி எண்கூடத் தெரியாது. சேரை அழைத்துக் கொட்டித் தீர்த்தேன். மடுவம், சாக்கு, ஸ்டோர் எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

அடுத்த நாள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தவறை நானே சொன்னேன். கிணற்றுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "நேற்றுவரை நன்றாகத்தானே அளந்தீர்கள்!" என்றார். கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு சிவநேசன் சேர் மட்டும் திரையில் இருந்தார். நான் மடிக்கணினியை எப்படித் திருப்பி அனுப்புவது என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: "கப்பல் கூட்டி அனுப்பீனம். நீர் உம்மட கதிரையிலயே இரும் பிள்ளை."

பிறகு கிணற்றை அடைத்துவிட்டார்கள், உண்மையில் எவ்வளவு கசிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், கடலடியில் போன எண்ணெய்க்குக்கூட மறு நிறுவை கிடைத்தது, அக்காவின் கொழுந்துக்குத்தான் இன்னும் கிடைத்தபாடில்லை என்பதே.