கோட்டைப்பட்டினம் வரை இரண்டு சைக்கிள்

இருந்தவர்கள்: நான். சுப்பையா. சுப்பையாவின் தாயார், எங்களுக்கெல்லாம் ஆச்சி. டிரைவர் காதர். காரின் கூரையில் கயிறு போட்டுக் கட்டிய சைக்கிள் இரண்டு.

1955, மாசி மாதம், புதன்கிழமை காலை ஆறு மணி. திருமயத்தை அடுத்த ஊரில் சுப்பையா வீட்டு வாசல். அவனும் நானும் நாலாவது வரை ஒரே பள்ளிக்கூடம். அதன்பின் அவன் மேலே படித்தான். நான் திருக்கோகர்ணத்தில் சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

சைக்கிளில் டில்லி போவது அவன் யோசனை. கடலில் டயரை நனைத்துவிட்டுப் புறப்பட வேண்டும் என்பதும் அவன் யோசனைதான்.

"உப்புத் தண்ணி பட்டா கம்பியெல்லாம் துருப்பிடிச்சுப் போகும்டா," என்றேன்.

"ஒனக்குக் கடைப் புத்தி போகாது," என்றான்.

அவனுடைய சைக்கிள் புதிது. என்னுடையது கடையில் கழித்துப் போட்ட சாமான்களைக் கொண்டு நானே பூட்டியது. போனால் போனதுதான், திரும்பி வந்து நிற்காதே என்று கடை முதலாளி சொல்லிவிட்டார். சரி என்று வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை பெண் வீட்டார் வருகிறார்கள், சுப்பையா வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆச்சி கடைசி நேரத்தில் சொன்னார். புதன்கிழமை நல்ல நேரத்தை விடவும் மனமில்லை. இதற்கு அவர்கள் வீட்டு வழக்கத்தில் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் என்பார்கள். ஆள் போக முடியாவிட்டால், நல்ல நேரத்தில் அவன் சாமானைக் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவது. சாமான் போனால் ஆள் புறப்பட்டதாகக் கணக்கு. ஆகவே சைக்கிள்களைக் கோட்டைப்பட்டினத்தில் வைத்துவிட்டுச் சுப்பையா காரில் திரும்புவது, நான் காவலுக்கு இருப்பது, வெள்ளிக்கிழமை அவன் பஸ்ஸில் வந்து சேர்வது என்று முடிவாயிற்று.

ஆச்சி வீட்டிலேயே இருந்துகொண்டார். ஏழு மணிக்கு அரிமளம் தாண்டினோம். ரோடு முழுக்கச் செம்மண் புழுதி. பள்ளம் வரும்போதெல்லாம் கூரையில் பெடல்கள் தடதடவென்று அடித்தன.

"சைக்கிள் மேல ஏறிப் போற ஆளப் பாத்திருக்கேன்," என்றார் காதர். "சைக்கிளத் தலைல தூக்கிக்கிட்டுப் போற காரை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

எட்டரைக்கு அறந்தாங்கி. காபி இரண்டணா. தண்ணீராக இருந்தது.

"அவுங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்டா," என்றான் சுப்பையா. "ஆத்தா வாய அடைக்கத்தான். வெள்ளிக்கெழம மொத பஸ்ல நான் வந்து எறங்கலேன்னா என்னைய என்னான்னு கேளு."

அங்கிருந்து நாகுடி வழியாகப் பத்தொன்பது மைல். பத்தரைக்குக் கோட்டைப்பட்டினம். அவர்கள் வீட்டோடு நெல் வியாபாரம் செய்யும் மரைக்காயர் ஒருவரின் கிட்டங்கியில், மூட்டைகளுக்கு நடுவே சைக்கிள்களை நிறுத்தினோம். சுப்பையா தன் சைக்கிளைத் தொட்டுக் கும்பிட்டான். காரில் ஏறினான். செலவுக்கான பணம் அவன் பையில் இருந்தது. அப்போது அதை நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ் ஒன்பது மணிக்கு வந்தது. கூடைக்காரிகள் இறங்கினார்கள். சாயங்கால பஸ்ஸிலும் அவன் இல்லை. சனிக்கிழமையும் இல்லை.

"என்ன தம்பி," என்றார் மரைக்காயர், "டில்லி இன்னும் எம்புட்டுத் தூரம்?"

மூன்று வேளையும் சோறு போட்டவர். சிரித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் காதர் வந்தார். இறங்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நிச்சயம் ஆயிருச்சு தம்பி. பங்குனில கல்யாணம். அப்பறம் மலேயாக் கடைக்கு அனுப்புறாங்களாம்."

"என்ன சொல்லிவிட்டான்?"

"சைக்கிளக் கொண்டாந்து சேக்கச் சொன்னாரு. பஸ் மேல போட்டாக் கீறல் விழுமாம். ஒரு கீறல் படாமக் கொண்டாரணுமாம்."

"வேற?"

"வேற ஒண்ணுஞ் சொல்லலீங்க."

திங்கட்கிழமை விடிந்ததும் கடற்கரைக்குப் போனேன். அங்கே கடலில் அலை கிடையாது, குளம் போலக் கிடக்கும். சுப்பையா ஆசைப்பட்டபடி அவன் சைக்கிளைக் கடலில் இறக்கினேன். அச்சு முங்கும் வரை தள்ளிப்போய்க் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தேன். என்னுடையதை மணலில் சாத்தியிருந்தேன்.

பிறகு என் சைக்கிளில் ஏறி, அவனுடையதை வலது கையால் பிடித்து உருட்டிக்கொண்டே ஓட்டினேன். சைக்கிள் கடைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். மைல் கணக்கில் யாரும் செய்வதில்லை. எதிர்காற்று. நாகுடிக்குள்ளேயே தோள் செத்துவிட்டது. அறந்தாங்கிக் கடைத்தெருவில் ஒருவன், "அண்ணே, ரெண்டையும் எப்புடி ஓட்டுவீங்க?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மூன்று மணிக்குச் சுப்பையா வீடு. வாசலில் பந்தற்கால் நட்டிருந்தது. ஆச்சி படியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏப்பா முத்து, பரஸ்தானம் போன சாமான் முன்வாசல்ல திரும்பி ஏறக்கூடாதப்பா. அங்கிட்டு, பின்பக்கமாக் கொண்டா."

பின்பக்கமாகக் கொண்டுபோனேன். சுப்பையா வந்தான். குனிந்து, மட்கார்டு, பார், கைப்பிடி எல்லாம் தடவிப் பார்த்தான்.

"ஒரு கீறல் இல்ல. கெட்டிக்காரன்டா நீ. சாப்பிட்டுப் போ."

"வாரேன்," என்று சொல்லிவிட்டு ஏறினேன். ஒரே சைக்கிள் என்பதால் லேசாக இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் திருக்கோகர்ணம். கடையில் என் பலகையில் வேறொரு ஆள் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் இறங்காமல் கடையைத் தாண்டி மிதித்தேன்.

டில்லி ஆயிரத்து அறுநூறு மைல் என்று சுப்பையா சொல்லியிருந்தான். கோட்டைப்பட்டினத்திலிருந்து அவன் வீடு நாற்பத்தொன்று. அங்கிருந்து திருக்கோகர்ணம் பதினாலு.

ஐம்பத்தைந்து மைல்.