அத்தை ஊருக்குப் போட்ட சேமிப்பு

நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டில், இந்திய அரசுக்குக் கடன் கொடுத்தவர்களுள் நானும் ஒருத்தியாக இருந்தேன். நெய்வேலி நகரியத்தில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் சில்லறையை வாரந்தோறும் திரட்டி அஞ்சலகத்தில் போடும் வழக்கம் அப்போது இருந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலையில் இருந்த அப்பா, அந்தப் பணம் என்ன ஆகிறது என்று ஒருநாள் எனக்கு விளக்கினார்.

"நீ போடற காசு அங்க தூங்கிக்கினு இருக்காது பாப்பா. எல்லாரும் போடறதச் சேத்து அரசாங்கம் கடனா எடுத்துக்கும். மெஷின் வாங்கும், கரி வெட்டும், கரண்ட் எடுக்கும். நாடு முன்னுக்கு வரும். ஒனக்கு வட்டி வரும்."

அன்று முதல், சுரங்கத்தில் மண்ணை வெட்டி அள்ளிச் சுழலும் ராட்சதச் சக்கரத்தின் வாளிகளில் ஒன்றாவது என்னுடையது என்று நம்பத் தொடங்கினேன். பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்ற பிறகும் அப்பா சொன்னதைப் பெரிதாகத் திருத்த எனக்கு இடமில்லை. தனியார் கைவைக்கத் தயங்கிய இடங்களில், சாதாரண மனிதர்களின் சிறுசேமிப்பையும் முதலாகத் திரட்டித்தான் அரசு சாலைகளையும் அணைகளையும் மின்நிலையங்களையும் எழுப்பியது. அதில் என் சில்லறையும் இருந்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

அது தமிழ்நாடெங்கும் மின்வெட்டு வாட்டிய காலம். நகரியத்தில் விளக்கு அணைவது அபூர்வம். முத்தாண்டிக்குப்பத்துப் பக்கம் இருந்த அத்தை வீட்டிலோ, பொழுது சாய்ந்தால் இருட்டு. அத்தை, அப்பாவுடன் பிறந்த அக்கா. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல்நுனிகள் கறுத்துப் போனவர். அவருடைய மகளுக்கு அந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. "கணக்குல போயிட்டான்னா இவளும் எங்கூட கொட்ட ஒடைக்க வர வேண்டியதுதான்" என்று அத்தை ஒருமுறை சிரித்தபடி சொன்னபோது, அவள் சிரிக்கவில்லை.

நான் யோசித்தேன். நகரியத்தில் எல்லோரும் சேமிக்கிறார்கள், விளக்கு எரிகிறது. அத்தை ஊரில் எரியவில்லை. ஆகவே அங்கே யாரும் சேமிப்பதில்லை. இதைச் சரிசெய்வது கடினமாகத் தோன்றவில்லை. பள்ளியில் என் சேமிப்பு முழுவதையும் திரும்பக் கேட்டேன். "அத்தை வீட்டுக் கரண்டுக்கு, டீச்சர்" என்றேன். மின்கட்டணத்துக்கு என்று எண்ணிக்கொண்ட டீச்சர், என் நல்ல மனத்தை வகுப்பில் பாராட்டிவிட்டே அந்தப் பணத்தைக் கொடுத்தார்.

சனிக்கிழமை மாலை அப்பா என்னை பைக்கில் அழைத்துப் போனார். அத்தை வீட்டில் சிம்னி விளக்கின் முன் என் செல்வத்தைக் கொட்டினேன்.

"இத ஒங்க ஊர் போஸ்ட் ஆபீஸ்ல போடுங்க அத்தை. நீங்க யாருமே போடாததாலதான் கரண்ட் வரல."

"யம்மா, மாமா பொண்ணு நம்ம ஊருக்கே லைன் இழுக்க வந்துட்டா!" என்று அத்தை மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அத்தையும் சிரித்தார். பிறகு காசை என் பையிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நாங்க போடாமலாடி? ஒங்க தாத்தா போட்டதுதான் ஒங்க வூட்ல எரிஞ்சிக்கினு இருக்குது."

தாத்தாவை நான் பார்த்ததில்லை. அவருக்கும் கணக்கு இருந்தது எனக்குப் புதுச் செய்தி. "எவ்ளோ வட்டி குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"ஒங்க அப்பனக் கேளு. அவந்தான வாங்கிக்கினு இருக்கான்."

அதில் கோபம் இல்லை. தம்பியைச் சீண்டும் அக்காவின் குரல்தான். அப்பா சிம்னி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, அத்தை மகளிடம், "பொஸ்தகத்தல்லாம் எடுத்துக்கம்மா. பரிச்ச முடியற வரைக்கும் நம்ம குவார்ட்டர்ஸ்ல இருந்து படி" என்றார்.

அவள் எங்கள் கூடத்து விளக்கடியில் படித்தாள், கணக்கிலும் தேறினாள். அத்தை பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைச் சுமந்து வந்து எங்கள் வாசலில் இறக்கினார். என் சேமிப்பு பலன் தந்துவிட்டது என்று நான் பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

தாத்தா போட்டது காசு அல்ல. ஒரு துண்டு முந்திரித் தோப்பும் அதை ஒட்டியிருந்த வீடும். இன்று அவை இருந்த இடம் சுரங்கம். எடுத்துக்கொண்ட நிலத்துக்கு ஈடாகக் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே வேலை மகனுக்குப் போயிற்று. கட்டிக்கொடுத்த மகளுக்கு எதுவும் போகவில்லை. இந்த நாட்டின் வளர்ச்சிக்கு முதல் போட்டவர்களை இன்று நான் எண்ணிப் பார்க்கும்போது, முதலில் நினைவுக்கு வருபவர் நான் பார்த்திராத அந்த மனிதர்தான்.

அன்று மாலை இவை எதுவும் எனக்குத் தெரியாது. பைக்கில் அப்பாவுக்கும் எனக்கும் நடுவே, புத்தக மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு அத்தை மகள் அமர்ந்திருந்தாள். இருண்ட சாலை முடிந்து நகரியத்தின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்ததும் அவள் தோளைத் தட்டி, "பாத்தியா, எல்லாம் எங்க காசு" என்றேன்.

"ஆமாடி" என்றாள் அவள், அதே தாத்தாவின் பேத்தி.