கூழ் மாவும் மீன் தோலும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

நான் திருத்தணியில் விசைத்தறி ஓட்டிப் பிழைப்பவன். என் மகள் சென்னைக் கல்லூரி ஒன்றில் ஆய்வு மாணவி. நாள்தோறும் மின்சார ரயிலில் போய் வருகிறாள். அவளுடைய ஆய்வை ஒட்டி எங்கள் வீட்டில் நடந்ததை, எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

மீன் தோலில் கொலாஜன் என்னும் புரதம் உள்ளது. புண்ணின் மேல் இடும் மருந்துப் பட்டைகளுக்கும் முகப்பூச்சுகளுக்கும் அது உதவுகிறது. அதைத் தோலிலிருந்து பிரித்தெடுக்கப் பன்றியின் இரைப்பையில் கிடைக்கும் நொதியைச் சேர்ப்பது வழக்கமாம். புளித்த கேழ்வரகு மாவில் வளரும் பாக்டீரியாவின் நொதியே அவ்வேலையைச் செய்யும் என்பது என் மகளின் நம்பிக்கை. மாவு எங்கள் வீட்டுக் கூழ்ப் பானையிலிருந்தே போனது. அவளுடைய பேராசிரியருக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒருமுறை செய்து காட்டு, தவறினால் கடையில் விற்கும் நொதிக்கு மாறிவிடு என்று கூறிவிட்டார்.

மீன் கடையிலிருந்து அவள் தோலை வாங்கி வந்த சாயங்காலம், ஆடிக் கிருத்திகைக் காவடிக்காக நான் விரத மாலை அணிந்திருந்தேன். அந்நாட்களில் எங்கள் வீட்டுக்குள் மீன் வருவதில்லை. காலை ரயில் வரைக்கும்தான் என்று கெஞ்சி, தாயிடம் அனுமதி பெற்றுக் குளிர்பெட்டியில் வைத்தாள்.

ஆய்வு பலிக்கவில்லை. தோல் கரையாமல் விறைப்பாகவே கிடந்ததாம். நீர் மட்டும் மஞ்சளாயிற்றாம். சில நாட்கள் கழித்து, சோற்றைப் பிசைந்தபடியே அவள் சொன்னாள்:

"நம்ம கூழு மாவு தேறாது நைனா. நாளைக்கு சார்கிட்ட போயி மாத்திக்கறேன்னு சொல்லிடப் போறேன்."

என் மனைவி குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அவ்ளோ மஞ்சளும் உப்பும் போட்டுத் தேச்சிக் குடுத்தேனே, அப்பவுமா ஆவல?"

மகளின் கை நின்றுவிட்டது.

"இன்னாமா சொல்ற? எப்ப தேச்ச?"

"நீ தூங்கிகினு இருந்த. சாமிக்கு மாலை போட்ட வூட்ல கவுச்சி நாத்தம் அடிக்கலாமா? தேச்சிட்டு தலைக்கு ஊத்திகினேன். கழுவாத மீன காலேஜுக்கு எடுத்துகினு போனா, உன்ன இன்னா வளத்தாங்கன்னு கேக்க மாட்டாங்க?"

"அய்யோ அம்மா, நான் இன்னா கொழம்பா வைக்கப் போறேன்?"

"ஆங், கொழம்பு வெச்சிருந்தா துன்னாவது இருப்போம்."

மகள் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது. உப்பு ஏறினால் கொலாஜன் கரையாமல் இறுகிவிடும் என்றும், மாவின் மீது குற்றமில்லை என்றும் பிறகு எனக்கு விளக்கினாள். மறுநாள் பேராசிரியரிடம் நடந்ததைக் கூறி, இன்னொரு முறைக்கு இசைவு வாங்கினாள்.

நான் மலையேறிக் காவடி செலுத்தி மாலையைக் கழற்றிய பின், புதிய தோல் வாங்கினோம். என் மனைவி அந்தப் பக்கமே போகவில்லை. இம்முறை தோல் இளகிக் கரைந்தது. உப்புக்கு வேலை கடைசியில்தானாம்; வடிகட்டிய நீரில் அதை இட்டதும் கொலாஜன் வெள்ளையாகத் திரண்டதைக் கைப்பேசியில் காட்டினாள். நனைந்த பஞ்சு போலிருந்தது. பன்றி நொதியில் கிடைப்பதைவிட அளவு குறைவுதான். ஆயினும் கூழ் மாவு பாக்டீரியாவைக் கொண்டே ஆய்வைத் தொடரலாம் என்று பேராசிரியர் ஒப்புக்கொண்டார்.

அவள் எழுதும் ஆய்வேட்டில் சமையலறையில் நடந்தது இடம்பெறாது என்கிறாள். ஆகவே, இவ்வெழுத்தையாவது தங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.