இல்லையென்று சொன்ன இரும்பு

போன சித்திரையில் கிணற்றுக்குள் கயிறு கட்டிக் கல்லை இறக்கிப் பார்த்தேன். கயிறு இரண்டேகால் அடி நனைந்து வந்தது. தினமும் ஒன்றரை அங்குலம் குறைந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் பதினெட்டு நாள்.

கிணறு இருப்பது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளே, எங்கள் அறுபது சென்ட் நிலத்தில். ஒன்பது வரிசை மல்லி, வரிசைக்கு நாற்பது செடி. அவை என் மகளின் பிழைப்பு. கணவர் இறந்து நான்கு வருஷமாக அவள் என்னோடு இருக்கிறாள். விடிவதற்குள் மொக்கு பறித்துக் கோயில் பக்கத்துப் பூக்கடைக்குக் கொண்டுபோவாள். பெங்களூரில் தையல் கம்பெனியில் இருக்கும் அவளுடைய சிநேகிதி அங்கே இவளுக்கும் ஒரு வேலை பிடித்து வைத்திருந்தாள், மாசக் கடைசிக்குள் வரச் சொல்லி. தண்ணீர் வந்தால் போகமாட்டேன் என்றாள் மகள்.

எட்டு வருஷத்துக்கு முன் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் காட்டிய இடத்தில் ஒரு போர் போட்டேன். ஆறு மாதம் தண்ணீர் வந்தது, பிறகு நின்றது. அடுத்தது வேப்பங்குச்சிக்காரர் காட்டிய இடம். அதில் ஒரு குடம்கூட வரவில்லை. மண் சரியாமலிருக்க இரண்டிலும் இறக்கிய இரும்புக் கேசிங் பைப்புகள் இன்னும் மண்ணுக்குள் நிற்கின்றன. முதல் போரிலிருந்து செடிகளுக்குப் போட்ட இரும்புப் பைப் தொண்ணூறு அடி, ஒன்றரை அடி ஆழத்தில் கிடக்கிறது.

இந்த முறை மகள் பிடிவாதமாகப் பூமிக்குள் கரண்ட் விட்டுப் பார்க்கும் ஒருவரை வரவழைத்தாள். முப்பது வயதுப் பெண், புவியியல் படித்தவர். இரண்டு ஆட்களோடு ஜீப்பில் வந்தார். அன்று மகள் பூ கொண்டு டவுனுக்குப் போயிருந்தாள். போகும்போது, பழைய போர் இரண்டையும் அவங்ககிட்ட காட்டிடுப்பா என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் காட்டவில்லை. எங்கள் பக்கத்தில் நீரோட்டம் பார்க்க வருகிறவரிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. பொய்த்துப்போன போரின் வாயை மூடிவிட்டு அவரை நடக்கவிடுவோம். அதன்மேலேயே நின்று இங்கே தண்ணீர் இருக்கிறது என்றால் ஆள் போலி. அந்தப் பழக்கத்தில், ஜீப் வருவதற்கு முன்பே இரண்டு குழாய் வாய்களின்மேலும் காய்ந்த வேர்க்கடலைக் கொடியை அள்ளிப் போட்டு வைத்திருந்தேன். தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருஷம் நில ஆவணம் எழுதிய நான் செய்த வேலை அது.

பத்தடிக்கு ஒன்றாக நாற்பத்தெட்டு இரும்புக் குச்சிகள் அடித்தார்கள். எங்கள் நிலம் போதாமல், பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டு அவருடைய தரிசிலும் வரிசையை நீட்டினார்கள். குச்சியின் அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, எல்லாவற்றையும் ஒரே கேபிளில் கோத்து ஓர் அளவுப் பெட்டியில் மாட்டினார்கள். முன்பெல்லாம் நான்கு குச்சியைப் பிடுங்கிப் பிடுங்கி நட வேண்டும், ஒரு நாள் முழுக்க ஆகும், இப்போது பெட்டியே மாற்றி மாற்றி அளந்துகொள்ளும் என்றார் அந்தப் பெண். நூறு அடி வரை படம் வரும், அதற்குக் கீழே ஊகம்தான் என்றும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், இந்த வரிசைல மண்ணுக்குள்ள இரும்பு ஏதாவது இருக்குதுங்களா? பழைய போர், பைப்பு?"

"இல்லீங்க மேடம்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. கரண்ட்டு இரும்பைப் பாத்தா அது வழியாவே ஓடிடும். தண்ணியா இரும்பான்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

"அந்த மாதிரி எதுவும் இல்ல."

முதல் இல்லை சோதனைக்காகச் சொன்னது. இரண்டாவது, முதலாவதைத் திரும்ப எடுக்க வெட்கப்பட்டுச் சொன்னது.

பிறகு அதே வரிசையில் இருபத்துநான்கு சின்னக் கருவிகளை மண்ணில் செருகி, ஓர் இரும்புத் தட்டின்மேல் சம்மட்டியால் அடித்தார்கள். அடியின் அதிர்வு பாறையில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அவை கேட்டுச் சொல்லுமாம். படங்களைப் பார்த்து அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கினார். சம்மட்டி முப்பது அடியிலேயே கெட்டிப் பாறை என்கிறது, கரண்ட் அதே இடத்தில் ஈரம் என்கிறது. இரும்பு இல்லை என்று நான் சொல்வதால் பாறையில் வெடிப்பு இருக்கலாம் என்றார். நான்காம் மல்லி வரிசையில் சுண்ணாம்பால் குறி போட்டார்.

அந்தக் குறியிலிருந்து இரண்டாவது போரின் வாய் பதினோரு அடி. அளந்தேன். தேங்காய்க்காரர் காட்டியிருந்தால் அங்கேயே ஆளை அனுப்பியிருப்பேன். ஆனால் திரையில் ஈரத்தைக் காட்டும் நீலம் இருந்தது, அவ்வளவு நீலம். போன முறை பதினோரு அடியில் தவறவிட்டிருக்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலையில் மகள், பழைய போர் பற்றிச் சொன்னாயா என்று கேட்டாள். சொல்லிட்டேன்மா என்றேன்.

போர் வண்டி வந்தது. ஒரு ராடு இருபது அடி. இரண்டாவது ராடிலேயே பாறை. அதன்பின் வெள்ளைப் புகைதான். பதினான்காவதில் தூள் கொஞ்சம் ஈரமாக வந்தது, மகள் ஓடிப்போய்க் கையில் எடுத்துப் பார்த்தாள், அதற்குள் காய்ந்துவிட்டது. நிறுத்தலாமா என்று வண்டிக்காரர் கேட்கும்போதெல்லாம் இன்னும் ஒண்ணு என்றாள். இருபத்தேழாவது ராடில் போதும் என்று கையைக் காட்டினாள். ஐந்நூற்று நாற்பது அடி.

வண்டி போனபின், இரும்பை மறைத்ததை அவளிடம் சொன்னேன். தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு என்னையே பார்த்தாள்.

"கேட்டாங்களாப்பா?"

"ரெண்டு தடவ கேட்டாங்க."

"நேரா கேட்டும் நீ சொல்லல."

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒவ்வொரு இரும்பும் வரிசையின் எத்தனையாவது அடியில் இருக்கிறது என்று அளந்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மறுநாள் புதுப் படம் வந்தது. எங்கள் நிலத்தில் நீலமே இல்லை. சம்மட்டியின் அதிர்வு மெதுவாக ஓடிய இடம் ஒன்றுதான், அங்கே பாறை உடைந்திருக்க வாய்ப்பு உண்டு என்றார். அது எல்லைக் கல்லிலிருந்து முப்பது அடி தள்ளி, பக்கத்துத் தரிசில் இருந்தது.

திங்கட்கிழமை மகள் பெங்களூர் பஸ் ஏறினாள். அந்தப் படத்தைப் பக்கத்து நிலத்துக்காரருக்குக் காட்டு, எதையும் மறைக்காதே என்று மட்டும் சொன்னாள். அன்றே போய்க் காட்டினேன், நான் மறைத்த இரும்பு வரைக்கும் சொன்னேன். பக்கத்து நிலத்துக்காரர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஆடிக்கு மேல போர் போட்டுப் பாக்கலாம், தண்ணி வந்தா உங்களுக்கும் விடறேன் என்றார். ஆடி முடிய நூறு நாளுக்கு மேல் இருந்தது. கிணற்றில் ஒன்பது நாள் தண்ணீர்.

மாலையில் மகள் போன் செய்து, என்ன சொன்னார் என்று கேட்டாள். ஆடி என்றேன்.

"செடிக்கு இனிமே தண்ணி விடாதப்பா. இருக்கறத நீ குளிக்க, குடிக்க வெச்சிக்க."

சரிம்மா என்றேன்.