அம்புக்குறி காட்டிய பக்கம்

மயிலாப்பூர்க் குளத்தின் நடுவில் இருக்கும் நீராழி மண்டபத்தை ஐம்பது வருஷமாகக் கரையிலிருந்தே பார்த்துவருகிறேன். தெப்பத்தன்று சுவாமி அதைச் சுற்றிவருவார். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

என் தங்கை பெண் அதை எல்லோருக்கும் வாங்கித்தருவதாகச் சொன்னாள். அவளும், அவளோடு ஓவியக் கல்லூரியில் படித்த சிந்தாதிரிப்பேட்டைக்காரரும் கண்ணில் மாட்டும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் மொத்தக் குளத்தையும் இறக்கியிருந்தார்கள். மாட்டிக்கொண்டால் தண்ணீர்மேல் நடக்கலாம். மண்டபத்தை ஒருமுறை சுற்றுவதற்குள் குளத்தில் ஒரு நாள் கழிந்துவிடும்: விடியல், உச்சிவெயில், அஸ்தமனம், கடைசியில் படிக்கட்டெல்லாம் விளக்கு. மீன்கள் தோள் உயரத்தில் நீந்தும். ஏன் என்று நான் கேட்கவில்லை. கலைஞர்களிடம் ஏன் என்று கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

பின்னணிக் குரல் என்னுடையது. எங்கள் சபா செயலரிடம் சிபாரிசு செய்ததும் நான்தான். அவருக்குப் பிடித்தால் பங்குனி உற்சவம் முடியும்வரை சபா ஹால் இவர்களுக்கு. பிடிக்காவிட்டால் ஒரு வருஷ உழைப்பு அவளுடைய அடையாறு ஃப்ளாட்டின் பரணுக்கு.

சபா ஹாலுக்குச் செயலர் பார்க்க வருவதற்குச் சற்றுமுன்தான் நான் முதன்முறையாகப் பெட்டியை மாட்டிக்கொண்டேன். தண்ணீர்மேல் மினுங்கிய அம்புக்குறிகளோடு நாலடி நடந்ததும் நின்றுவிட்டேன். மண்டபம் என் இடதுகைப் பக்கம் இருந்தது.

"ஏம்மா, அப்பிரதட்சிணமா வெச்சிருக்கியே?"

"அது மண்டபம்தானே மாமா, சந்நிதியா என்ன?"

"இந்த ஊர்ல வட்டமா எது இருந்தாலும் வலம்தான். டிராபிக் போலீஸ்கூட ரவுண்டானாவை வலமாத்தான் சுத்த விடறான்."

சிந்தாதிரிப்பேட்டைக் கூட்டாளி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இப்ப மாத்த முடியாது சார். ஆளு நிக்கிற எடத்தை வெச்சுதான் வெளிச்சம் மாறும், உங்க வாய்ஸு வரும். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கட்டிக்கீது."

"வர்றவா அம்பை மதிக்காம ஆளுக்கொரு பக்கம் நடந்தா?"

"முட்டிக்குவாங்க. உள்ள ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது. நீங்க நடுவுல நின்னுக்கினு புடிச்சுக்கோங்க. அங்க மண்டபம் கீது, எவனும் கால் வெக்கமாட்டான்."

செயலர் வந்தார். கூடவே அவர் மனைவி, கமிட்டி உறுப்பினர்கள் இருவர். பெட்டியும் நாலுதான். யாரும் சொல்லாமலே நால்வரும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்கள். சந்நிதி என்றே நினைத்துவிட்டார்கள். மாமி மாத்திரை அட்டையில் போட்டிருப்பதைக்கூட வரிவிடாமல் படித்து நடப்பவர்; அம்பின்படிதான் போவார். செயலர் யார் சொன்னாலும் கேட்கமாட்டார்; வலமாகத்தான் போவார். நாற்பது வருஷத் தாம்பத்தியம் என் கண்ணெதிரே முட்டிக்கொள்ளப்போகிறது.

"அம்புக்குறி காட்டற பக்கம் போங்கோ" என்றாள் தங்கை பெண்.

நால்வரும் கைகூப்பினார்கள். நால்வரும், மாமி உட்பட, அம்புக்குறிக்கு நேர்எதிராகத் திரும்பி வலமாக நடந்தார்கள். யாரும் யாரையும் முட்டவில்லை. நடுவில் நான் இரண்டு கையையும் விரித்தபடி நிற்க, சபாவின் நிர்வாகக் குழு என்னைக் கும்பிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. நல்லவேளை, என் மனைவி வரவில்லை.

ஆனால் நாள் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. முதல் அடியிலேயே பெட்டிகளிலிருந்து என் குரல் கசிந்தது: "இத்துடன் விடைபெறுவோம், போய்வாருங்கள்." தங்கை பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

சுற்று முடிந்தது. செயலர் பெட்டியைக் கழற்றி, தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அந்தத் துடைப்பு முடிகிற வழியாக இல்லை.

"ராத்திரில ஆரம்பிச்சு விடிகாலைல கொண்டுவந்து விட்டேளே," என்றார். "இது யார் யோசனை?"

தங்கை பெண் கூட்டாளியைப் பார்த்தாள். கூட்டாளி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உற்சவம் முடியறவரைக்கும் நடத்துங்கோ. அந்தக் குரல்தான் ஒட்டலை. எடுத்த எடுப்பிலேயே போய்வாங்கோங்கறான். யார் அது?"

"விசாரிக்கறேன் சார்" என்றேன்.

மூச்சை முழுசாக விடுவதற்குள் ஹால் கதவைத் திறந்துவிட்டார்கள். அடுத்த நாலு பேர்: இரண்டு மாமிகள், இரண்டு கல்லூரிப் பெண்கள். பெண்கள் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பொறுப்பாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மாமிகள் ஏற்கெனவே கைகூப்பிவிட்டிருந்தார்கள்.

"சார், நடுவுல" என்றார் கூட்டாளி.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன்.